நான்காம் படிவத்துக்கு ஒரு படிவம்

மகள் மூன்றாம் படிவத்தை முடிக்கிற சமயத்தில் பள்ளியில் ஒரு தாள் கொடுத்தனுப்பினார்கள். நான்காம் படிவத்தில் எந்தெந்தப் பாடம் எடுக்கப் போகிறாள் என்று நிரப்பி, கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இங்கே மலேசியாவில் இடைநிலைப்பள்ளி வகுப்பையும் படிவம் என்றுதான் சொல்கிறோம். படிவத்துக்கு ஒரு படிவம். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படித்தான் சமாளிக்கிறோமோ. எங்கள் வீட்டில் பேசுகிற மாதிரி அந்தத் தாளைப் 'பாரம்' என்றே எழுதிவிடுகிறேன். பாரமாகத்தான் இருந்தது.

மூன்று நாள் அது சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்கு அடியில் கிடந்தது. வீட்டுக்காரர் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் டெக்னீஷியன். பாலத்தைத் தாண்டி பிறையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தவர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தார்.

"டாக்டராகணும்னு சொல்றா. சயன்ஸ்னு இருக்கறதை டிக் பண்ணி அனுப்ப வேண்டியதுதானே? இதுக்குப் போய் மூணு நாளா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் எனக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

1993-இல் நான் மூன்றாம் படிவம். மூன்றாம் படிவ முடிவில் எழுதுகிற பி.எம்.ஆர். சோதனை முதன்முதலாக நடந்தது அந்த வருடம்தான். அப்பா சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியர் தோட்டத்து டிரஸ்ஸர். காய்ச்சலுக்கும் ஒரு சிவப்புத் தண்ணீர், வயிற்று வலிக்கும் அதே சிவப்புத் தண்ணீர் என்று ஊற்றிக் கொடுப்பார். ஆனால் வெள்ளைச் சட்டையோடு லயத்துப் பக்கம் அவர் வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். நானும் டாக்டராக வேண்டும் என்று நினைத்ததற்கு அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய இலட்சியம் ஒன்றும் கிடையாது.

அடுத்த வருடம் பள்ளி திறந்த அன்று அறிவிப்புப் பலகையில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். என் பெயர் சாஸ்தெரா வகுப்பில் இருந்தது. கலைப்பிரிவு. கணக்கிலும் அறிவியலிலும் பி வாங்கியிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. அப்பா மட்டும் மறுநாள் வேலைக்குப் போகாமல், தீபாவளிக்கு வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். அறிவியல் வகுப்பில் இடம் நிறைந்துவிட்டது என்று கிராணி சொன்னார். அப்பா "சரிங்க" என்றார். பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். கதை அங்கேயே முடிந்தது. பிறகு தாதியர் பயிற்சிக்குப் போனேன், வேலை கிடைத்தது, இருபத்தைந்து வருடமாக அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். வருத்தம் என்று சொல்ல மாட்டேன். நல்ல வேலை. ஆனால் பதினாறு வயதில் ஒரு தாளில் விழும் டிக் எவ்வளவு தூரம் வரும் என்பது எனக்குத் தெரியும்.

இப்போது பி.எம்.ஆரும் இல்லை. அதற்குப் பின்னால் வந்த பி.டி.3-ஐயும் 2022-இல் எடுத்துவிட்டார்கள். அறிவியல் பிரிவு, கலைப்பிரிவு என்ற பெயர்களும் 2020-லிருந்து கிடையாது. 'பாக்கேஜ்' என்கிறார்கள். ஸ்டெம் ஏ, ஸ்டெம் பி என்று டெலிபோன் கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கிறது. சிக்கலே அங்கேதான். பெயரைப் பார்த்து டிக் பண்ணக் கூடாது, உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மகள் பள்ளியில் கொடுத்த பாரத்தில் ஒரு பாக்கேஜில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயோலோஜி, எட் மேத்ஸ் என்கிற கூடுதல் கணிதம் நான்கும் இருந்தன. இன்னொன்றில் பயோவுக்குப் பதில் கம்ப்யூட்டர் சயன்ஸ். இன்ஜினியரிங் பக்கம் போகிறவர்களுக்கு. மூன்றாவதில் பயோவும் கெமிஸ்ட்ரியும் இருந்தன, பிசிக்ஸ் இருந்த இடத்தில் கணக்கியல் இருந்தது.

மகள் மூன்றாவதில்தான் விரலை வைத்தாள். அவளுக்கு பிசிக்ஸ் என்றால் ஆகாது. "டாக்டருக்கு பிசிக்ஸ் எதுக்கும்மா? மனுஷ உடம்பு பயோ, மருந்து கெமிஸ்ட்ரி. அது ரெண்டும் இதுல இருக்கே."

கேட்பதற்கு எவ்வளவு சரியாக இருக்கிறது பாருங்கள். நானும் யாராவது சொல்லித் தராவிட்டால் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் மலேசிய மருத்துவ மன்றம் டாக்டர் படிப்புக்கு, ஐந்தாம் படிவ முடிவில் எழுதுகிற எஸ்.பி.எம். சோதனை அளவில் கேட்கும் குறைந்தபட்சத் தகுதி ஐந்து பி: பயோ, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், சாதாரணக் கணிதம் அல்லது எட் மேத்ஸ், அப்புறம் வேறு ஏதாவது ஒரு பாடம். பிசிக்ஸ் பட்டியலில் இருக்கிறது. அது இல்லாத பாக்கேஜை எடுத்துவிட்டு, எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு கல்லூரிக் கவுன்டரில் போய் நின்று விழிக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். என்னுடன் வேலை செய்யும் ஒருவரின் மகனே அப்படி நின்றான். ஐந்து பி என்பது வாசல் படி மட்டும்தான். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் வேண்டுமானால் அது எங்கேயும் பற்றாது. ஆனால் படியே இல்லாமல் வீட்டுக்குள் ஏற முடியாது.

இதைச் சொன்னால் மட்டும் பதினைந்து வயதுக்குப் பிடிக்குமா? "ரூல்ஸ்" என்று உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம்தான் அத்தையின் பிரஷர் மிஷின் நினைவுக்கு வந்தது. மாமியாருக்கு இரத்த அழுத்தம் உண்டு. கைப்பட்டையைச் சுற்றி பட்டனை அழுத்தினால் எண் காட்டுகிற சாதாரண மிஷின். அத்தையை மேசை முன்னால் உட்காரவைத்து, கையை நெஞ்சு உயரத்துக்கு மேசைமேல் வைத்து எடுத்தோம். 134. ஐந்து நிமிடம் விட்டு, அதே கையைக் கீழே தொங்கப்போடச் சொல்லி எடுத்தோம். 151. மகள் மிஷின் கெட்டுப்போய்விட்டது என்றாள். மறுபடியும் மேசைமேல் வைத்து எடுத்தோம். 135.

"பாட்டிக்கு ரெண்டு நிமிஷத்துல வியாதி வந்து போயிடுச்சா?"

"இரத்தமும் தண்ணி மாதிரிதானே. தண்ணித் தொட்டிக்குக் கீழ இருக்கிற குழாயில அழுத்தம் கூடவா, குறைவா?"

கொஞ்ச நேரம் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குக் கீழே ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் ஏழு எட்டு புள்ளி கூடும். இது தெரியாமல் தொங்கிய கையில் எடுத்து, மருந்தின் அளவைக் கூட்டி எழுதினால் அத்தை குளியலறையில் மயங்கி விழுவார். இதற்குள் அத்தை, "என்னை வச்சு என்னடி பரிசோதனை" என்று பட்டையைத் தானே அவிழ்த்துக்கொண்டு சீரியல் பார்க்கப் போய்விட்டார். மூன்றாவது பாக்கேஜ் பற்றிய பேச்சு அன்றோடு நின்றது. பிசிக்ஸ் பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை. இன்றைக்கும் பிடிக்காது.

இருந்தாலும் என்னைக் கேட்டால் பிள்ளைகளை உடைக்கிற பாடம் பிசிக்ஸ் இல்லை, கெமிஸ்ட்ரி. பயோ மனப்பாடம் பண்ணுகிறவர்களுக்கு ஓரளவு கைகொடுக்கும். கெமிஸ்ட்ரி அப்படி விடாது. அதுவும் நான்காம் படிவத்தில் ஆரம்பத்திலேயே 'மோல்' என்று ஒரு அத்தியாயம் வரும். அதில் தடுக்கி விழுந்தவர்கள் ஐந்தாம் படிவம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்கள். பெரிய பையன்களின் அம்மாக்கள் எல்லாரும் இதையே சொல்கிறார்கள். எஸ்.பி.எம். முடிந்து, பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பாக ஆறாம் படிவமோ மெட்ரிகுலேஷனோ ஏ லெவலோ போனாலும் கெமிஸ்ட்ரியிலிருந்து தப்ப முடியாது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தகம் எதற்குப் போனாலும் அது கூடவே வரும்.

எங்கள் வார்டில் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் இருக்கும். 10 மில்லி. உள்ளே 1 கிராம். அதன் மேல் 13.4 மில்லிமோல் என்றும் எழுதியிருக்கும். பயிற்சிக் காலத்தில் இந்த 13.4 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. சிஸ்டர் சொன்னார், மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். சாஸ்தெரா பிரிவில் படித்தவளுக்கு மோல் ஏது? பல வருடம் கழித்து, நைட் ஷிஃப்டில் பயிற்சி டாக்டரான ஒரு ஹவுஸ்மேன் பையன் கையுறைப் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினான். அணு எடை பொட்டாசியத்துக்கு 39, குளோரினுக்கு 35.5, கூட்டினால் 74.5. ஆயிரம் மில்லிகிராமை 74.5-ஆல் வகுத்தால் 13.4. இவ்வளவுதான்! அந்தப் பெட்டி அட்டையைக் கிழித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்த மருந்தைக் கரைக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பூட்டி வைக்கிற மருந்து அது. ஒரு எண்ணை அது ஏன் என்று தெரியாமலே இத்தனை வருடம் கையில் வைத்திருந்தேனே என்று அன்றைக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

எட் மேத்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குறைந்தபட்சத் தகுதிப் பட்டியலில் சாதாரணக் கணிதம் போதும் என்றுதான் இருக்கிறது. வார்டிலும் கால்குலஸ் யாரும் போடுவதில்லை. 500 மில்லி தண்ணீரை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், 20 சொட்டு ஒரு மில்லி, அப்படியென்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு. இதற்கு ஆரம்பப்பள்ளிக் கணக்கு போதும். ஆனால் எஸ்.பி.எம்மில் எட் மேத்ஸ் எடுக்காதவர்களுக்கு மெட்ரிகுலேஷனிலும் ஆறாம் படிவத்திலும் வரும் கணிதம் சுவரில் முட்டிய மாதிரி இருக்கும். அதற்காக எடுக்கச் சொன்னேன். எடுத்துக்கொண்டாள். மாதம் 60 வெள்ளிக்கு டியூஷன் தேடியாகிவிட்டது.

இனிமேல்தான் உண்மையான சண்டை.

பாரத்தின் அடியில் ஒரு வரி: 'கூடுதல் பாடம்'. பகாசா தமிழ் என்ற கட்டத்தில் டிக் வைப்பதா வேண்டாமா?

மகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். அறிவியலைக்கூட ஆறாம் ஆண்டு வரை தமிழில் படித்தவள். 'ஒளிச்சேர்க்கை' என்று எழுதப் பழகிய கை, இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் மாதமே 'ஃபோத்தோசிந்தெசிஸ்' என்று மலாயில் எழுதத் தொடங்கியது. அந்தத் தாவலையே சமாளித்துவிட்டாள். இருந்தாலும் பள்ளியில் அவள் மதிக்கிற ஒரு டீச்சர், நல்ல எண்ணத்தோடுதான், "டாக்டராகணும்னா தமிழை விட்டுடு. அதுல ஏ பிளஸ் எடுக்கறது கஷ்டம். மத்த பாடத்துல அந்த நேரத்தைப் போடு" என்று சொல்லியிருக்கிறார். என் நாத்தனாரும் அதே கட்சி. அவர் மகன் தமிழை விட்டுவிட்டு ஒன்பது பாடம் எழுதி இப்போது பல் மருத்துவம் படிக்கிறான். அந்த வீட்டுக்குப் போனால் இந்தப் பேச்சிலிருந்து நான் தப்பவே முடியாது.

நான் உணர்ச்சிவசப்பட்டுத் தமிழ் வாழ்க என்று கத்தவில்லை. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். எல்லாரும் எழுத வேண்டிய கட்டாயப் பாடங்கள்: மலாய், ஆங்கிலம், வரலாறு, கணிதம், நம் பிள்ளைகளுக்கு நன்னெறி. ஐந்து. இதில் மலாயும் வரலாறும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. வரலாற்றை அப்படிக் கட்டாயமாக்கியது 2013-லிருந்து. தூய அறிவியல் எடுப்பவர்களுக்குப் பொது அறிவியல் பாடம் இல்லை. அதோடு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயோ, எட் மேத்ஸ் நான்கு. மொத்தம் ஒன்பது.

ஒன்பது என்ற எண்ணை மகளிடம் வட்டம் போட்டுக் காட்டினேன். 2024-இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம், எஸ்.பி.எம்மில் 10ஏ-வும் அதற்கு மேலும் எடுக்கிற பிள்ளைகளுக்கு எந்த இனமாக இருந்தாலும் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று அறிவித்தார். மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடியினருக்கும் 90 விழுக்காடு, மற்றவர்களுக்கு 10 விழுக்காடு என்று பல காலமாக இருக்கும் பங்கீட்டை நினைத்துப் பார்த்தால் இது நமக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். ஒரே வருடத்தில் முடிகிற படிப்பு, செலவும் குறைவு. ஆனால் ஒன்பது பாடம் எழுதுகிறவள் பத்து ஏ எப்படி எடுப்பாள்? பத்தாவது பாடம் ஒன்று வேண்டுமே. நம் பிள்ளைக்குப் பத்தாவதாக எது இலகு? ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வந்தவளுக்குப் புதிதாகப் பொருளாதாரமா?

இந்த எண்ணிக்கைத் தகராறு நம் சமூகத்துக்குப் புதிதில்லை. 2010-லிருந்து எஸ்.பி.எம்மில் பத்துப் பாடத்துக்கு மேல் கூடாது என்று அரசாங்கம் வரம்பு கட்டப்போனபோது, அறிவியல் படிக்கிற பிள்ளைகள் தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் கைவிட வேண்டி வரும் என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் பத்தோடு இரண்டு என்று தளர்த்தினார்கள். அன்றைக்குப் பேசினவர்கள் பேசாமல் இருந்திருந்தால் இன்றைக்குத் தமிழ் இலக்கியம் எடுத்துப் பதினோரு பாடம் எழுதலாமா என்று யோசிக்கவே வழி இருந்திருக்காது. (இலக்கியம் வேண்டாம் என்று இவள் சொல்லிவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. அவளும் தூங்க வேண்டும்.)

கணக்கு ஒரு பக்கம். என் மனதில் வேறொன்றும் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நைட் ஷிஃப்ட். மெடிக்கல் வார்டு, மணி மூன்றிருக்கும். தோட்டத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, எழுபதைத் தாண்டியவர், நீண்ட நாள் சர்க்கரை. புதிதாக அட்மிட் பண்ண வந்த ஹவுஸ்மேன் ஒரு தமிழ்ப்பெண், கோலாலம்பூர்க்காரி, நல்ல பிள்ளை, வேலையில் சுறுசுறுப்பு. கவுன்டரில் நான் எழுதிக்கொண்டிருந்தபோது வந்து தயங்கி நின்றாள்.

"சிஸ்டர், மதமதன்னு இருக்குன்னா வீங்கியிருக்குன்னு அர்த்தமா?"

பாட்டி அவளிடம், "காலு ரெண்டும் மதமதன்னு இருக்கும்மா, பஞ்சு மேல நடக்குற மாதிரி" என்று சொல்லியிருக்கிறார். இவள் வீக்கம் என்று நினைத்து இரண்டு காலையும் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறாள். குழி விழவில்லை. வீக்கமே இல்லாத காலை ஏன் வீங்கியிருக்கிறது என்கிறார் என்று குழம்பி வந்துவிட்டாள். "கெபாஸ்" என்றேன். மரத்துப்போவதற்கு மலாயில் அதுதான். ஒரே சொல். முகம் மாறிவிட்டது. உடனே டிராயரைத் திறந்து நைலான் நூல் மாதிரி இருக்கும் அந்த மோனோஃபிலமென்டையும் இசைக்கவையையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். சர்க்கரைக்காரர்களுக்கு நரம்பு மரத்துப்போயிருக்கிறதா என்று பார்ப்பது அதில்தான். கண்ணை மூடிக்கொண்ட பாட்டியின் பாதத்தில் ஒவ்வோர் இடமாக நூலின் நுனியை வைத்து, "தெரியுதா பாட்டி? இப்போ?" என்று கேட்டுக்கொண்டே போனாள். கட்டைவிரலடியில் தெரியவில்லை. குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புண் இருந்தது. வலிக்கவே இல்லையாம், அதனால் பாட்டி யாரிடமும் சொல்லவும் இல்லை.

விடியற்காலையில் பேன்ட்ரியில் மைலோ கலக்கிக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள்: "நான் ஃபோர்ம் ஃபோர்ல தமிழை விட்டுட்டேன் சிஸ்டர். ஏ குறைஞ்சிடும்னு சொன்னாங்க."

இந்தக் கதையை மகளிடம் சொன்னேன். மனது இளகுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது இது: "எஸ்.பி.எம். தமிழ்ல மதமதப்பு வருமா? கட்டுரை, இலக்கணம், செய்யுள்தானேம்மா. இதெல்லாம் பாட்டிகிட்ட பேசினாலே தெரிஞ்சிடுமே."

பதில் சொல்ல முடியவில்லை. அவள் சொன்னது சரி. நெஞ்சு கரிக்குது, நெஞ்சு அடைக்குது, விண்விண்ணுன்னு தெறிக்குது, குடையுது, சுருக்குன்னு இழுக்குது. ஒவ்வொன்றும் வேறு வேறு வியாதிக்குக் கொண்டுபோகிற சொல், எதுவும் சோதனைத் தாளில் வராது. ஆனால் பாடத்தை விட்ட பிள்ளைகள் கொஞ்ச நாளில் பாட்டியிடம் பேசுவதையும் விட்டுவிடுகிறார்கள் என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது. என் நாத்தனார் மகன் அத்தையிடம் "ஹவ் ஆர் யூ பாட்டி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறான், அதைத்தான் பார்த்தேன்.

கடைசியில் அவள் தமிழை எடுக்கச் சம்மதித்ததற்கு என் கணக்கும் காரணமில்லை, பாட்டியின் காலும் காரணமில்லை. அவளுடைய நெருங்கிய தோழி எடுக்கிறாளாம். சரி, எந்த வழியாக வந்தால் என்ன.

அதற்குள் பள்ளியிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. தமிழ் வகுப்பு நடக்க குறைந்தது பதினைந்து மாணவர்கள் வேண்டும், இதுவரை பதின்மூன்று பேர். அதற்காக நான் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் செய்த வேலையை எந்தத் தேர்தல் வேட்பாளரும் செய்திருக்க மாட்டார். ஓர் அப்பா, "தமிழ் சோறு போடுமா மிஸ்ஸி?" என்று கேட்டார். "உங்க கடையில நாசி கண்டார் வாங்க வர்றவங்க பாதிப் பேர் தமிழ்ல தானே கேக்கறாங்க" என்றேன். சிரித்தார். மகனின் பெயரைக் கொடுத்தார். இன்னோர் அம்மாவுக்கு அந்த 10ஏ விஷயமே தெரியாது. பாடங்களை எண்ணி எழுதி அனுப்பினேன், பத்து நிமிடத்தில் "ஓகே அக்கா" என்று வந்தது. பதினாறு பேரானார்கள். வகுப்பு சனிக்கிழமை காலையில். மற்ற பாடங்கள் மாதிரி கால அட்டவணைக்குள் கிடையாது. அதைப் பற்றிப் பேசினால் இந்தப் பதிவு முடியாது.

உறவுக்காரர்கள் இன்னும் நிறையச் சொன்னார்கள். அத்தை, "இங்கதான் யு.எஸ்.எம். இருக்கே, வீட்டுலேர்ந்தே போய் டாக்டருக்குப் படிக்கலாம்" என்றார். பினாங்கில் பாதிப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் பினாங்கு வளாகமான மிண்டனில் மருந்தகப் படிப்பு உண்டு. மருத்துவத்துக்குக் கிளந்தானில் கூபாங் கிரியானுக்குப் போக வேண்டும். அத்தைக்கு அது வெளிநாடு மாதிரி. தனியார் கல்லூரி என்றால் சில லட்சம் வெள்ளி. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் மெட்ரிகுலேஷனையும் ஆறாம் படிவத்தையும் இவ்வளவு எண்ணிப் பார்க்கிறேன். ஆறாம் படிவம் ஒன்றரை வருடம், கஷ்டம் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். கட்டணம் கிட்டத்தட்ட இல்லை. விண்ணப்பத்தில் 90 விழுக்காடு மதிப்பெண், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் சீருடை வாங்கி வைத்திருக்கிறேன், அவள் போடத்தான் மாட்டேன் என்கிறாள்.

வீட்டுக்காரருக்கு வேறு கவலை. ஐந்து வருடம் படித்து, இரண்டு வருடம் ஹவுஸ்மேன்ஷிப் முடித்து, அப்புறம் கான்ட்ராக்ட்தானே என்று. 2016 கடைசியிலிருந்து புது டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். 2021 ஜூலை 26-ஆம் தேதி கறுப்புச் சட்டையோடு ஹவுஸ்மேன்களும் எம்.ஓ. எனப்படும் மருத்துவ அதிகாரிகளும் வேலையை விட்டு வெளியே வந்து நின்றதை அவர் செய்தியில் பார்த்தார், நான் எங்கள் வார்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். கோவிட் நேரம். கட்டிலெல்லாம் நிறைந்திருந்தது. கீழே நின்ற பிள்ளைகளில் பலரின் கால் மூன்று ஷிஃப்டாகச் செருப்பைக் கழற்றாத கால் என்று எனக்குத் தெரியும். இதையும் மகளிடம் மறைக்கவில்லை. "அப்போ ஏம்மா என்னைப் போகச் சொல்றே?" என்றாள். "நான் சொல்லலையே, நீதானே சொன்னே" என்றேன். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நான்காம் நாள் ராத்திரி பாரத்தை உப்பு ஜாடிக்கு அடியிலிருந்து எடுத்தோம். முதல் பாக்கேஜில் டிக். பகாசா தமிழில் டிக். கையெழுத்து அவள் அப்பா போட்டார், பேனா எழுதவில்லை என்று உதறி உதறி மேசை விரிப்பில் ஒரு சொட்டு மை. கடைசியில் 'சித்தா-சித்தா' என்று மூன்று கோடு இருந்தது. எதிர்கால ஆசை. முதல் கோட்டில் டாக்டர் என்று எழுதினாள். இரண்டாவதில் மருந்தகர். மூன்றாவதில் என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்தபடி யோசித்தாள்.

"ஜூருராவாட்னு போடட்டுமாம்மா?"

தாதி. நான் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

"போடு. நைட் ஷிஃப்ட் இருக்கும்னு தெரிஞ்சு போடு."

பேனாவை வைத்துவிட்டு, அதை மட்டும் பென்சிலால் எழுதினாள்.